தலையெண்ணும் புதன்

அக்டோபரின் முதல் புதன்கிழமை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது. மிச்சிகன் மாநிலம் முழுக்க அன்றைக்குத்தான் பள்ளிக்கூடங்களில் தலை எண்ணுவார்கள். வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிற தலைக்குத்தான் அந்த வருஷத்துப் பணம். அதனால் பிள்ளைகளை இழுத்துவர அன்றைக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு வித்தை காட்டும். ஒன்றில் சைக்கிள் குலுக்கல், இன்னொன்றில் பீட்சா. எங்கள் ஹாலிவெல் பள்ளியில் டெல்ஃபீன் டாலிவர் சுடும் பான்கேக்.

நான் ஹாலிவெல் முக்கில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிறவள். வார்ப்படத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வெந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா குந்தியிருக்கப் பிடிக்காமல் 'நில்' பலகையைக் கையில் வாங்கிக்கொண்டேன். அதுவும் பதினோரு வருஷமாயிற்று. நான் வந்த புதிதில் நானூறு பிள்ளைகளுக்கு மேல் கடப்பார்கள். இப்போது அதில் பாதிதான். மீதிப் பேர் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளை பஸ்ஸில், என் மூக்குக்கு முன்னாலேதான் போகிறார்கள்.

மூடிக் கிடந்த மளிகை அங்காடிக் கட்டடத்தில் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சார்ட்டர் பள்ளி வந்தது. ஊரில் அதற்குப் பெயர் புதுப் பள்ளி. அதுவும் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது, பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டாம். ஆனால் அதற்குத் தனி நிர்வாகம், நகரக் கல்விக் குழுவின் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பிள்ளை அங்கே போனால் பிள்ளையோடு பணமும் போகும். ஹாலிவெல்லில் முதலில் ஓவிய ஆசிரியர் போனார். பிறகு நூலகர் போனார், பிறகு பஸ்கள் போயின. கடைசியில் அலுவலகத்துக்கே ஆள் இல்லாமல் முதல்வர் ஆஸ்ட்ராண்டர் தானே வருகைப் பட்டியல் எடுக்க ஆரம்பித்தார். இந்த வருஷம் கல்விக் குழு வாய் திறந்தே சொல்லிவிட்டது: புதன்கிழமை இருநூற்றுப் பத்துத் தலைக்கு ஒன்று குறைந்தாலும் ஜூனில் பள்ளிக்குப் பூட்டு.

பஸ்கள் போனபோது வேலை போனவர்களில் ராஸ்கோவும் ஒருவன், டெல்ஃபீனின் கணவன். நாலு மாதம் வீட்டில் இருந்து பார்த்தான். அப்புறம் அந்த வெள்ளை பஸ்ஸையே ஓட்டப் போய்விட்டான். மனைவி ஹாலிவெல் சமையற்காரி, கணவன் புதுப் பள்ளி டிரைவர். அன்று முதல் அவர்கள் சாப்பாட்டு மேசையில் பள்ளிக்கூடப் பேச்சே கிடையாது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான், அவர்கள் பேசுவதும் பேசாததும் எனக்குக் கேட்கும். ஒரே மகள் நைலா, ஹாலிவெல்லில் நாலாம் வகுப்பு.

அந்தப் புதன் விடியும்போது பனி விழுந்து புல்லெல்லாம் மொறுமொறுவென்று கிடந்தது. எங்கள் பக்கம் பீட்ரூட்டிலிருந்துதான் சர்க்கரை எடுப்பார்கள்; ஆலைக்கு அதை ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. இந்த மாதம் முழுக்க அப்படித்தான், ஊரே ஈர மண்ணும் வெந்த சர்க்கரையுமாக நாறும். ஆறு மணிக்கு நான் பள்ளிச் சமையலறைப் பக்கம் ஒதுங்கினேன்.

"மிஸ் லுவெல்லா, பூட்ஸத் துடைச்சிட்டு வாங்க. இப்பதான் தரையைக் கழுவினேன்" என்றாள் டெல்ஃபீன், திரும்பிப் பார்க்காமலே.

"உன் பான்கேக் யாருக்குடி வேணும். காபிக்கு வந்தேன்."

"போன வருஷமும் காபிக்குத்தான் வந்தீங்க. ஏழு தின்னீங்க."

"எண்ணினியா?"

"இன்னிக்கு எண்ணற நாளாச்சே."

மூன்று பெரிய பாத்திரங்களில் மாவு. கெட்டி மோர் விட்டுக் கலந்து, ஒரு கை சோள மாவும் போடுவாள். அதுதான் ஓரத்தை முறுகலாக்கும். நீளமான இரும்புக் கல்லில் தண்ணீரைச் சுண்டித் தெளித்து, துளிகள் குதித்து ஓடுகின்றனவா என்று பார்ப்பாள். ஓடினால் ஊற்றுவாள். ஒரே ஈட்டில் இருபத்துநாலு. பக்கத்து அடுப்பில் பன்றி இறைச்சி சாசேஜ் பொரிந்துகொண்டிருந்தது. கோடை முழுக்க அவள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருந்தாள், அந்தப் பிள்ளையை எங்களிடமே விடுங்கள், இந்தப் பிள்ளையைத் திரும்ப அனுப்புங்கள் என்று. முப்பத்தொரு பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தாள். சமையற்காரிக்கு அது வேலையா? இல்லை. ஆனால் அவளும், அவள் அக்காவும், அவள் கல்யாணம் பண்ணின ராஸ்கோவும் எல்லாரும் ஹாலிவெல்லில் படித்தவர்கள். அந்தக் கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டால் தன் வீட்டையே பூட்டின மாதிரி அவளுக்கு.

"எத்தனை வரும்னு நினைக்கற?"

"இருநூத்துப் பத்து. ஒவ்வொரு பேரா எனக்குத் தெரியும். சரியா இருநூத்துப் பத்து."

காலையில் என் பலகைக்கு ஓய்வில்லை. இருமிக்கொண்டு வந்த பிள்ளையையும் கடக்க வைத்தேன், காலில் கட்டோடு மாமா தோளில் வந்த பிள்ளையையும் கடக்க வைத்தேன். பிறகு பாத்திரம் கழுவ ஒரு கை கொடுக்கலாம் என்று சமையலறையிலேயே தங்கிவிட்டேன். நான் ஏழு தின்னவில்லை, ஐந்துதான்.

பன்னிரண்டு மணிக்கு ஆஸ்ட்ராண்டர் உள்ளே வந்தார். நல்ல மனிதர், உயரம், எப்போதும் எதையோ தொலைத்தவர் மாதிரி முகம். அன்றைக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

"இருநூத்து ஒன்பது, டெல்ஃபீன்."

"யாரு வரலை? பேரச் சொல்லுங்க, நான் போய்த் தூக்கிட்டு வரேன்."

"பட்டியல்ல இருக்கற எல்லாரும் வந்துட்டாங்க. ஒரு பிள்ளை வகுப்புல உக்காந்திருக்கா. ஆனா பட்டியல்ல இல்ல."

"அது எப்படி? எந்தப் பிள்ள?"

அவர் சாசேஜ் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நைலா."

டெல்ஃபீன் சிரித்தாள். கணினிக் கோளாறு என்றே நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை புதுப் பள்ளியிலிருந்து நைலாவின் ஆவணங்களைக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கடிதம் வந்த உடனே நகர அலுவலகத்தில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அங்கே சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பது அவள் அப்பா.

"இந்தாங்க" என்று ஒரு தாளை நீட்டினார். "மூணேகால் மணிக்குள்ள இதுல நீங்க கையெழுத்துப் போட்டா இன்னிக்கே திரும்பச் சேத்துடலாம். இருநூத்துப் பத்து ஆயிடும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அங்க கிடைச்ச இடம் போயிடும். வரிசையில எண்பது பேர் நிக்கறாங்களாம்."

டெல்ஃபீன் தாளை வாங்கினாள். கையெல்லாம் மாவு. பேனாவைத் தேடுவாள் என்று பார்த்தேன். அவள் தாளை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

"போடறேன். முதல்ல அந்த ஆளு மூஞ்சியப் பாத்துட்டு வந்து போடறேன். மிஸ் லுவெல்லா, உங்க பழைய பிக்கப் டிரக் ஓடுமா?"

"திட்டினா ஓடும்."

"இன்னிக்கு நான் நிறைய திட்டப் போறேன்" என்றாள்.

புதுப் பள்ளிக்குப் பின்னால், முன்பு அங்காடிக்குச் சரக்கு இறக்கிய மேடையருகே, பஸ் நின்றது. ராஸ்கோ கதவுப் படியில் உட்கார்ந்து ரொட்டிக்குள் மாட்டுக் கொத்துக்கறி வைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

"தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சாவா! ஊரெல்லாம் கதவு தட்டி மத்தவங்க பிள்ளையக் கூட்டிட்டு வந்தேனே, எம் பிள்ளையே பட்டியல்ல இல்ல. யாரு வேலைன்னு பாத்தா கட்டின புருஷன். என்னை நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டியே, ராஸ்கோ!"

"வியாழக்கிழமைலேருந்து வருவான்னு சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை உனக்குத் தலை கிடைக்கட்டும், அப்புறம் உன்கிட்டச் சொல்லலாம்னு. இவங்க திங்கக்கிழமையே காகிதம் அனுப்புவாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"ஓ, எனக்கு நல்லது பண்ணினியா!"

"ஆமா. முட்டாத்தனமா பண்ணிட்டேன். ஆனா பண்ணினது தப்பில்ல."

"உன் பஸ்ஸப் பிடுங்கினது இவங்க. உன்னை நாலு மாசம் வீட்ல உக்கார வெச்சது இவங்க. ஒரு நீலச் சட்டையப் பாத்து மயங்கிட்டியா?"

ராஸ்கோ ரொட்டியைத் தாளில் சுற்றிப் பக்கத்தில் வைத்தான். நிதானமானவன். அவன் குரல் ஏறி நான் கேட்டதேயில்லை. இப்போதும் ஏறவில்லை.

"அவளுக்குப் படிக்கத் தெரியல, டெல்ஃபீன்."

"யாருக்கு?"

"நைலாவுக்கு. போன மாசம் ஒரு சனிக்கிழமை பஸ் கழுவ என்கூட வந்தாளே. நிறுத்தங்களோட பட்டியலக் குடுத்து, சும்மா வாசிம்மான்னேன். முதல் எழுத்தப் பாக்கறா, மீதிய அவளா ஏதோ சொல்றா. இருபத்தாறு தெருவுல மூணுதான் சரி. அதுவும் நாம தினம் போற தெரு."

"பொய் சொல்லாத. தினமும் படுக்கறதுக்கு முன்னாடி எனக்குக் கதை வாசிச்சுக் காட்டறா."

"எந்தக் கதை? அந்த நாரைக் கதைதானே? ரெண்டு வருஷமா அதே கதை. பக்கத்தத் திருப்பறதுக்கு முன்னாடியே அடுத்த பக்கத்துல இருக்கறதச் சொல்லிடறாளே, நீ கவனிச்சதில்லையா?"

  டெல்ஃபீன் மனதுக்குள் அந்தப் பக்கங்கள் திரும்புவதை நான் அவள் முகத்திலேயே பார்த்தேன். 

"அவ வகுப்புல முப்பத்துநாலு பேரு" என்றான் ராஸ்கோ. "ஆகஸ்ட்லேருந்து நிரந்தர டீச்சர் இல்ல, வாரம் ஒரு ஆளு வராங்க. கேட்டா எல்லாம் நல்லாப் போகுதுங்கறாங்க."

"டீச்சர் ஏன் இல்ல? இவங்க தூக்கிட்டு வந்துட்டாங்க!"

"ஆமா, தூக்கிட்டு வந்துட்டாங்க. அந்த டீச்சர் இப்ப உள்ள நாலு பிள்ளைங்கள ஒரு மேசையச் சுத்தி உக்கார வெச்சு, தினம் ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லித் தராங்க. நான் கண்ணால பாத்தேன். யாரு யாரத் தூக்கிட்டுப் போனான்னு சண்டை போட நமக்கு டைம் இருக்கு. அவளுக்கு இல்ல."

பீட்ரூட் லாரி ஒன்று தெருவைக் குலுக்கிக்கொண்டு போனது. டெல்ஃபீன் ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்தாள். மாவு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ராஸ்கோ எழுந்து தன் கட்டைவிரலால் அதை வழித்து எடுத்தான். அவள் தட்டிவிடவில்லை.

"நான் அந்தக் கட்டடத்துக்குள்ளயே இருக்கேன்" என்றாள். "தினமும் அவளுக்குத் தட்டுல சோறு வெக்கறேன். எனக்குத் தெரியலையே, ராஸ்கோ. என்ன அம்மா நான்?"

"எனக்கும்தான் தெரியல, பஸ் கழுவற வரைக்கும்."

 டெல்ஃபீன் மூக்கை உறிஞ்சினாள். கோடையில் கதவு தட்டக் கிளம்பும்போது இருந்த முகம் திரும்பி வந்தது.

"சரி. இந்தப் பள்ளியில எல்லாரும் தேவதைங்களா? இவங்க வேணாம்னு துரத்தி விட்ட பிள்ளைங்க யாராவது வீட்ல சும்மா இருக்காங்களா?"

ராஸ்கோ யோசிக்கவே இல்லை. "பரேரா வீட்டுப் பையன், எஃப்ராயின். மூணு எச்சரிக்கை ஆயிடுச்சு, வேற எடம் பாத்துக்கங்கன்னு ரெண்டு வாரம் முன்னாடி அனுப்பிட்டாங்க. அம்மாக்காரி கோவத்துல தங்கச்சியையும் நிறுத்திட்டா. எங்கயும் சேக்கல. தினம் ஜன்னல்ல நின்னு என் பஸ்ஸப் பாக்கறான். பழக்கதோஷம், நானும் ஒரு நிமிஷம் நிறுத்திட்டுத்தான் போறேன்."

"எந்த வீடு?"

"ஆத்துப் பாலம் தாண்டி ரெண்டாவது. பச்சைக் கதவு."

பச்சைக் கதவைத் திறந்த யெசேனியா பரேரா தூக்கக் கண்ணோடு நின்றாள். பீட்ரூட் குவிக்கும் களத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவள், காலுறையில் இன்னும் மண். பின்னால் மேசையில் பிள்ளைகள் இரண்டும் சோள ரொட்டியில் பீன்ஸை அள்ளித் தின்றுகொண்டிருந்தன. பையனுக்கு ஒன்பது வயது, ஒரு நிமிஷம் சும்மா உட்காராத ரகம். சின்னவளுக்கு ஐந்து.

டெல்ஃபீனின் ஏப்ரனைப் பார்த்ததுமே யெசேனியாவுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னிக்கு என்ன நாள்னு எனக்கும் தெரியும். தலை எண்ண வந்திருக்கீங்க."

"ஆமா" என்றாள் டெல்ஃபீன். "அதுக்குத்தான் வந்தேன்."

"நாளைக்கு எண்ணி முடிஞ்சிடும். எம் பையன் நாற்காலியத் தள்ளுவான், கத்துவான். நீங்களும் ஒரு காகிதத்தக் குடுத்து வெளிய அனுப்புவீங்க."

"தள்ளினா நிமித்தி வெக்கச் சொல்லுவோம். மறுபடி தள்ளினா மறுபடி. எங்களுக்கு யாரையும் அனுப்ப முடியாதுங்க, வாசல்ல வந்து நிக்கற பிள்ளைய நாங்க சேத்துத்தான் ஆகணும். அதுதான் எங்க கஷ்டம். எங்க பெருமையும் அதுதான்."

யெசேனியா கதவைப் பாதி சாத்தினாள், பாதி விட்டாள். "ஹாலிவெல்ல விட்டுப் போனப்ப உங்க முதல்வர்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? உங்க பள்ளி குப்பைன்னு சொன்னேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது?"

"அவரு அத வாரம் ரெண்டு தடவை கேக்கறவரு. உங்க மூஞ்சியெல்லாம் ஞாபகம் இருக்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள். கோடை முழுக்க எந்த வாசலில் கேட்டாலும் டெல்ஃபீன் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்ன கேள்விதான் அது.

"உங்க பொண்ணு எங்க படிக்குது?"

நான் டெல்ஃபீனின் முழங்கையைப் பிடித்தேன். ஹாலிவெல்தான் என்று சொல்லிவிடு, இன்றைக்கு அது பொய்யுமில்லை என்று என் விரல் சொன்னது. அவள் கையை உதறினாள்.

"நாளையிலேருந்து அந்தப் புதுப் பள்ளியில."

"என்னது?"

"அவளுக்கு வாசிக்க வரல. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிதான் எனக்கே தெரியும். அங்க அதுக்கு ஒரு டீச்சர் இருக்காங்க. எங்ககிட்ட இப்ப இல்ல."

யெசேனியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எம் பிள்ளையக் கேக்க வந்துட்டு, உங்க பிள்ளைய அங்க அனுப்பறேன்னு சொல்றீங்க. இப்படிக்கூட யாராவது ஆள் பிடிப்பாங்களா?"

"எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல. எம் பொண்ணுக்கு வேணும்கறது அங்க இருக்கு. உங்க பையனுக்கு முதல்ல வேணும்கறது வெளிய தள்ளாத ஒரு எடம். அது எங்ககிட்ட இருக்கு. அவனுக்கும் வாசிக்க வரலைன்னா, அந்த டீச்சர இங்க கொண்டுவர நான் சண்டை போடறேன். எம் பொண்ணு அங்க இருந்தாலும் போடுவேன்."

 யெசேனியா உள்ளே திரும்பிக் கத்தினாள். "எஃப்ராயின்! தங்கச்சிக்கு ஷூ மாட்டு! கை கழுவு!"

"எங்க போறோம்மா?"

"கேள்வி கேக்காம மாட்டுடா!" என்றவள், எங்களிடம் திரும்பிச் சொன்னாள்: "நீங்க பொய் சொல்லியிருந்தா கதவச் சாத்தியிருப்பேன்."

டிரக்கில் இடம் போதாமல் சின்னவளை யெசேனியா மடியில் வைத்துக்கொண்டாள், பையன் என் கியர்க் கம்பியை இரண்டு தடவை ஆட்டினான், இரண்டு தடவையும் அவன் கையில் ஒன்று போட்டேன். பள்ளி வாசலில் இறங்கும்போது மணி இரண்டு நாற்பது. சேர்க்கைப் படிவங்களில் யெசேனியா கையெழுத்துப் போட்டாள். பிள்ளைகள் இரண்டும் வகுப்பில் போய் உட்கார்ந்தன. ஆஸ்ட்ராண்டர் தானே ஓடிப்போய் நாற்காலி தூக்கி வந்து போட்டார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன்.

"இருநூத்துப் பதினொண்ணு" என்றார், மூச்சு வாங்க. கண் கலங்கியிருந்தது. "டெல்ஃபீன், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அந்தத் தாளையும் குடுங்க, கையெழுத்துப் போட்டாச்சுல்ல? நைலாவோட இருநூத்துப் பன்னிரண்டு."

டெல்ஃபீன் தாளை எடுத்து, மடிப்புப் பிரித்து, கையெழுத்துப் போடாமலே அவர் மேசையில் வைத்தாள்.

"அவ நாளைக்கு ராஸ்கோ பஸ்ல போறா."

"நம்ம சமையற்காரியோட பொண்ணா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"பேசறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. நாலாம் வகுப்புல வாசிக்கத் தெரியாத பிள்ளைங்க எத்தனை பேரு?"

ஆஸ்ட்ராண்டர் தலை குனிந்தார். "பதினாலு."

"உங்களுக்குத் தெரியும்!"

"தெரியும். சொன்னா இன்னும் நாலு பேர் போயிடுவாங்கன்னு பயம்."

"நீங்க சொல்லாததனாலதான் எம் பொண்ணு போறா. பதினாலு பேருக்கு நாலு மேசை போதும். ஒரு டீச்சர். இருநூத்துப் பதினொரு தலைக்கு வர்ற பணத்துல முதல்ல அதப் பண்ணுங்க. ஓவியம், பஸ் எல்லாம் அப்புறம். பண்ணலைன்னா அடுத்த வருஷம் என் பான்கேக்கக் காட்டி ஒரு பிள்ளையையும் கூப்பிட மாட்டேன். அவங்களப் பாத்து வயிறெரிஞ்சது போதும். அவங்க நல்லாப் பண்றதத் தூக்கிட்டு வாங்க. நம்மகிட்டேருந்து அவங்க தூக்கிட்டுப் போகலையா?"

 அவர் ஒரு மஞ்சள் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்த்தேன். 'நாலு மேசை' என்று எழுதியிருந்தார். நவம்பரில் அந்த மேசைகள் வந்துவிட்டன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றேகாலுக்கு மணி அடித்தது. பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்து, டெல்ஃபீன் சமையலறையைப் பூட்டும் வரை காத்திருந்து, அவளையும் நைலாவையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். நைலா நடுவில் உட்கார்ந்திருந்தாள், பையை மடியில் கட்டிக்கொண்டு. அவள் அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா எல்லாம் சொல்லிட்டாரு. உனக்கு வாசிக்க வரல."

பிள்ளை பையை இன்னும் இறுக்கிக்கொண்டது.

"நான் திட்டலடி, கண்ணு. ஏன் எங்கிட்டச் சொல்லல?"

பாலம் வந்தது, பாலமும் போனது.  நைலா மெல்லச் சொன்னாள்.

"நீ ஹாலிவெல்லுக்காகச் சண்டை போட்டுட்டிருந்த. எல்லார் வீட்டுக்கும் போயி, எங்க பள்ளி நல்ல பள்ளின்னு சொன்ன. எனக்கு வாசிக்க வரலைன்னு தெரிஞ்சா நீ தோத்துப்போயிடுவன்னு நெனச்சேன்."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். சாலை சரியாகத் தெரியவில்லை. டெல்ஃபீன் பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஒரு தெரு நீளத்துக்கு அழுதாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கேளு. நாளைக்கு அந்த டீச்சர்கிட்டப் போனதும், முதல் வேலையா 'எனக்கு வாசிக்கத் தெரியாது'ன்னு சொல்லணும். ஊகிச்சுச் சொல்லக் கூடாது, மனப்பாடமா ஒப்பிக்கக் கூடாது. வெக்கமெல்லாம் நான் பட்டுக்கறேன், அது என் பங்கு. எங்க, இப்ப சொல்லு."

"எனக்கு வாசிக்கத் தெரியாது."

"கேக்கல."

"எனக்கு வாசிக்கத் தெரியாது!"

"மிஸ் லுவெல்லாவுக்குக் காது மந்தம். இன்னும் சத்தமா!"

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் கையைக் காதில் வைத்துக்கொண்டேன். நைலா எழுந்து முட்டி போட்டு நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். எங்கள் தெரு வந்துவிட்டது. பஸ்ஸை விட்டுவிட்டு வந்து வேலி ஓரத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்த ராஸ்கோ துடைப்பத்தோடு அப்படியே நின்று, தன் மகள் டிரக் ஜன்னலிலிருந்து ஊருக்கே அறிவித்துக்கொண்டு வருவதைக் கேட்டான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது! எனக்குச் சொல்லிக் குடுங்க!"